பிரேக் நல்ல நிலையில் உள்ளது

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் எங்கள் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். நாங்கள் காவல் இருக்கும் உங்கள் வீடு நலம். தண்ணீர்க் குழாய் நலம். நீங்கள் எங்கள் பொறுப்பில் விட்டுப்போன நான்கு தொட்டிச் செடிகளில் மூன்று நலம். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வந்து சேருவதாக மகள் சொன்னாள், மகிழ்ச்சி. அதற்குள் உங்கள் புல்வெட்டும் வண்டியை, அதுதான் ஏறி உட்கார்ந்து ஓட்டுவதை, பற்றிய முழு விவரமும் எழுத்து மூலமாக உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்பதால் இந்தக் கடிதம்.

போன வாரம் தொலைபேசியில் நான் வண்டி நகரவில்லை என்று சொன்னதும், பிரேக் இறுகிப்போயிருக்கும் என்று நீங்கள் உடனே சொல்லிவிட்டீர்கள். மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா என்று கேட்டதற்கு, "பிரேக்குன்னா நீங்க இருக்கீங்களே மாமா, மெக்கானிக் எதுக்கு?" என்றீர்கள். அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. உங்கள் கல்யாணத்தில் என் அண்ணன் என்னை உங்கள் பக்கத்தாருக்கு அறிமுகப்படுத்தியபோது, போக்குவரத்து இலாகாவில் முப்பத்தொரு வருஷம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொன்னார். அன்றிலிருந்து உங்கள் குடும்பம் முழுவதற்கும் நான் பிரேக் மாமா. உங்கள் அக்கா சைக்கிள் வாங்கியபோதுகூட என்னிடம் கொண்டுவந்து காட்டினார். நான் பிரேக்கை ஒரு தரம் அழுத்திப் பார்த்துத் தலையாட்டினேன், அவருக்கு அவ்வளவு திருப்தி. மாப்பிள்ளை, வீட்டில் என்ன சமைப்பது, ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடுவது என்று எதிலும் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. எனக்கென்று மிச்சம் இருப்பது இந்த ஒரு பெயர்தான். அதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வண்டி கொட்டகை வாசலில், பாதி உள்ளே பாதி வெளியே நின்றது. சாவியைத் திருப்பினால் என்ஜின் உறுமுகிறது, கியர் போட்டால் ஒரு குலுக்கு, அணைந்துவிடுகிறது. நானும் உங்கள் அத்தையும் பின்னாலிருந்து தள்ளினோம், பின்சக்கரம் இரண்டும் ஆணி அடித்த மாதிரி அசையவில்லை. சரி என்று இலாகா முறைப்படி சோதனையைத் தொடங்கினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நான்கடி தள்ளி நின்று, வலமாக ஒரு சுற்று. பிறகு ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டுப் பதினான்கு கட்டங்கள் உள்ள படிவம் ஒன்று தயாரித்தேன். எங்கள் சோதனை யார்டில் தினமும் நாற்பது பஸ் வரிசையில் வரும். டிரைவரிடம் பிரேக் பிடிக்கிறதா என்று கேட்பேன். பிடிக்குது சார் என்பார். அவர் சொல்வதை அப்படியே நம்பிவிடுவோம் என்று நினைக்காதீர்கள், அந்த பஸ் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறதே, பிரேக் இல்லாமல் எப்படி நிற்கும்? அதுதான் ஆதாரம். முத்திரை வைத்துக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். அந்தக் கணக்கில் பார்த்தால் உங்கள் வண்டியின் பிரேக்கைப் போல ஒரு பிரேக்கை நான் என் உத்தியோகத்தில் பார்த்ததே இல்லை. இரண்டு பேர் சேர்ந்து தள்ளியும் நிற்கிறது. பதினான்கு கட்டத்திலும் "மிக நன்று" என்று எழுதி உங்கள் அத்தையிடம் நீட்டினேன். அவள் படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தாளை வாங்கக்கூட இல்லை. "கையெழுத்துப் போட்டா சக்கரம் சுத்துமா?" என்றாள்.

இந்த நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் பல் டாக்டர் தலை தெரிந்தது. அவர் நல்ல மனிதர், ஆனால் எதையும் சும்மா பார்த்துவிட்டுப் போகத் தெரியாதவர். என்ன ஏது என்று கேட்டவர், உள்ளே போய்த் தன் பையோடு வந்துவிட்டார். உங்கள் காரிலிருந்து ஜாக்கியை எடுத்து வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி, கட்டை கொடுத்து, ஒரு சக்கரத்தைக் கழற்றினோம். கழற்றினோம் என்றால் அவர் கழற்றினார், நான் டார்ச் அடித்தேன். உள்ளே ஈரப் புல்லும் மண்ணும் கட்டியாக அடைத்திருந்தது. அதைச் சுரண்டிவிட்டு, நீளக் காம்பு வைத்த தன் குட்டிக் கண்ணாடியை கியர் பெட்டிக்குப் பின்னால் விட்டுப் பார்த்து எனக்கு விளக்கினார். பெட்டியின் பக்கவாட்டில் டீ சாஸர் அளவுக்கு ஒரு இரும்புத் தட்டு சுற்றும். அதை இரண்டு பக்கமும் இரண்டு பிரேக் கட்டை பிடிக்கும். மேலே ஒரு நெம்புகோல். காலால் மிதித்தால் நெம்புகோல் திரும்பிக் கட்டையை அழுத்தும், காலை எடுத்தால் பழைய இடத்துக்கு வந்துவிட வேண்டும். இங்கே நெம்புகோல் துருப்பிடித்து மிதித்த நிலையிலேயே நின்றுவிட்டதால் கட்டை தட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, "நீங்க முப்பத்தொரு வருஷம் இதுல இருந்தவரு, நான் சொல்றது சரிதானே சார்?" என்று கேட்டார். நான் "மேலே சொல்லுங்க" என்றேன். நான் பிரேக்கைத் திறந்து பார்த்ததே இல்லை என்று இதற்கு அர்த்தம் கிடையாது மாப்பிள்ளை. திறக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை, அவ்வளவுதான்.

துருவுக்கு எண்ணெய் தெளித்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தோம். காத்திருப்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு என்பதால் இந்தக் கட்டத்தை நானே முன்னின்று நடத்தினேன். பிறகு நான் நெம்புகோலை ஒரே இழுப்பாக இழுக்கப் போனேன். டாக்டர் பதறிக் கையைப் பிடித்துவிட்டார். இழுக்கவே கூடாதாம், ஆட்ட வேண்டுமாம். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று அவர் ஆட்ட ஆட்ட, இருந்தாற்போலிருந்து டக் என்று விட்டுக்கொடுத்தது. அவர் பழக்க தோஷத்தில் என்னைப் பார்த்து வலிச்சுதா என்று கேட்டார். இரண்டு போல்ட்டைக் கழற்றியதும் கட்டைகள் வெளியே வந்தன. உப்புத்தாள் வைத்துத் தேய்த்துச் சுத்தம் செய்தோம். நெம்புகோலுக்கும் கட்டைக்கும் நடுவில் பாதித் தீக்குச்சி நீளத்துக்கு இரண்டு எஃகு ஊசிகள் இருந்தன. நெம்புகோல் திரும்பும்போது இந்த இரண்டும்தான் கட்டையைத் தள்ளுமாம். அந்த மாதிரிச் சின்னச் சாமான்களைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. பொறுப்பு என்று வந்துவிட்டால் நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்கே தெரியும்.

அப்போது பார்த்து டாக்டருக்கு கிளினிக்கிலிருந்து போன். வாய் மரத்துப்போக ஊசி போட்டு உட்காரவைத்த ஒருவர் ஒரு மணி நேரமாக அப்படியே உட்கார்ந்திருக்கிறாராம், அவரை மறந்தே போய்விட்டாராம் நம் ஆள். கண்ணாடியைக்கூட எடுக்காமல் ஓடினார். நான் மட்டும் திறந்து கிடந்த பிரேக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். உள்ளதைச் சொல்கிறேன் மாப்பிள்ளை, அவ்வளவு பெரிய வண்டியை நிறுத்துவது என் உள்ளங்கையில் அடங்குகிற இந்தச் சாமான்தானா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் என்ன, நானே மாட்டினேன். கட்டையை வைத்து, போல்ட்டை முறுக்கி, சக்கரத்தை ஏத்தி, கிளிப்பைப் போட்டு, ஜாக்கியை இறக்கிட்டு ஒத்தை விரலால தள்ளினேன், வண்டி வழுக்கிக்கிட்டுப் போகுது. உங்க அத்தை வெளியே வந்து பார்த்துட்டு "பரவாயில்லையே" என்றாள். கல்யாணம் ஆகி நாற்பது வருஷத்தில் அவள் வாயிலிருந்து இந்த வார்த்தையை நான் கேட்பது இரண்டாவது தடவை, முதல் தடவை அவள் சொன்னது என் தம்பியைப் பார்த்து. உடனே ஏறி உட்கார்ந்து முன்பக்கப் புல் முழுவதையும் வெட்டி முடித்தேன். வண்டி அருமையாக ஓடுகிறது. நிறுத்தும்போது நினைத்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கிறது, அது புதிதாகச் சுத்தம் செய்த பிரேக், போகப் போகப் பழகிவிடும்.

வண்டிக்கான தகுதிச் சான்றிதழை இத்துடன் இணைத்திருக்கிறேன். "பிரேக் நல்ல நிலையில் உள்ளது" என்று என் கைப்பட எழுதி, முத்திரையும் வைத்திருக்கிறேன். ஓய்வு பெறும் அன்றே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டிய முத்திரை அது. யாரும் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. சான்றிதழை வண்டியின் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளவும்.

நீங்களும் மகளும் சகல நலன்களும் பெற்று, தொட்டது துலங்க, நீடூழி வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் மாமா,
பிரேக் இன்ஸ்பெக்டர் (ஓய்வு).

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். இன்று காலை பின்பக்கம் மிச்சம் இருந்த புல்லை வெட்ட வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அங்கே சரிவு என்பது உங்களுக்குத் தெரியும். பிரேக்கை மிதித்தேன், கால் தரைவரை போயிற்று, வண்டியும் அதன்பாட்டுக்குப் போயிற்று. முதலில் உங்கள் ரோஜா வரிசை, பிறகு துணி காயப்போடும் கம்பி, கடைசியில் டாக்டர் வீட்டு வேலிக்குள் பாதி புகுந்து நின்றது. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டும்தான். டாக்டர் ஓடிவந்து முதல் வேலையாக என் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லை எண்ணினார்.

நேற்றும் நான் போட்டிருந்த அந்தச் சேறான சட்டையை ஊறவைக்க எடுத்த உங்கள் அத்தை, அதன் பையில் கையை விட்டு இரண்டு எஃகு ஊசிகளை எடுத்தாள். பத்திரமாகத்தான் இருந்தன. அவற்றை மேஜையில் இருந்த சான்றிதழின் மேல் கொண்டுவந்து வைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "நம்ம பொண்ணு மூணு வருஷம் காலேஜுக்குப் போன பஸ்ஸு, உங்க யார்டுக்கு வர்றதுதானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அதையாவது ஒரு தடவை கழட்டிப் பாத்தீங்களா?" என்றாள். அவள் உள்ளே போய் முத்திரையை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சான்றிதழைக் கிழித்துவிடுங்கள் மாப்பிள்ளை. நான் முப்பத்தொரு வருஷத்தில் ஒரு பிரேக்கையும் கழற்றிப் பார்த்தவன் இல்லை, நேற்றுத்தான் முதல் தடவை. மெக்கானிக் ஒருவரை வரச் சொல்லியிருக்கிறேன், அவர் ஊசியை மாட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் போகிறேன். இன்னும் ஒன்று. எனக்குப் பிறகு அந்த யார்டில் உட்கார்ந்து, நீங்கள் வரும் பஸ்ஸுக்கும் முத்திரை வைப்பவர் நான் வேலை கற்றுக்கொடுத்தவர். ஞாயிற்றுக்கிழமை டிரைவரிடம் பிரேக் பிடிக்கிறதா என்று கேட்டுப் பயனில்லை, பிடிக்குது சார் என்றுதான் சொல்வார். நீங்களும் மகளும் ரயிலில் வாருங்கள்.