வேட்டிக்குள் எரிந்த சிவப்பு விளக்கு

புரியாத விஷயத்துக்குத் தலையாட்டுவதில் என்னை மிஞ்ச கொச்சி மட்டாஞ்சேரியில் ஆளில்லை. அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம் கலூரில் கிட்டார் கடையிலும் அப்படித்தான் ஆட்டினேன். மேடையில் நான் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்க அக்கா சம்மதித்திருந்தாள். ("கேட்டியா, மாப்பிள்ளை வீட்டாளுங்க முன்னாடி என் மானத்த வாங்கிடாத" என்ற ஒரே நிபந்தனையோடு.) கிட்டாரின் ஒலியைக் கரகரப்பாக்க, காலால் மிதிக்கும் பெடல் ஒன்று இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

"ஓவர்டிரைவ் வேணோ, டிஸ்டார்ஷன் வேணோ?" என்றார் கடைக்காரச் சேட்டன்.

"ரெண்டுல எது நல்லதோ, அது."

அவர் பொறுமையாக இரண்டையும் வாசித்துக் காட்டினார். ஓவர்டிரைவில் ஒலி லேசாகக் கரகரக்குமாம், டிஸ்டார்ஷனில் நன்றாகவே கிழியுமாம். எனக்கு இரண்டும் மிக்ஸியில் தேங்காய் அரைபடுவது போலத்தான் கேட்டன. தலையாட்டிவிட்டு, இருப்பதிலேயே சின்னதை எடுத்துக்கொண்டேன். அது டிஸ்டார்ஷன் என்பது பில்லைப் பார்த்துத்தான் தெரிந்தது.

விழாவன்று எனக்குப் பட்டு வேட்டி, அதற்குக் கீழே இரவல் வாங்கிய தடித்த ஷூ. (ஏன் என்று கேட்காதீர்கள்.) பாட்டின் கடைசியில் மட்டும் மிதிக்கலாம் என்று பெடலைக் காலருகே வைத்துவிட்டுத் தொடங்கினேன்.

ஒலி கிழிந்தது. அடுத்த நொடி தெளிந்தது. மறுபடி கிழிந்தது.

"வயர் லூஸா மோனே" என்று மைக்செட் சேட்டன் ஓடி வந்து வயரை மாற்றினார். பிறகு ஸ்பீக்கரை மாற்றினார். நானும் விவரம் தெரிந்தவன் மாதிரி வயரை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். வாசித்தால் மறுபடி அதே கூத்து. கடைசியில் அவர் மைக் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டார்.

மைக்கில் வாசிக்க வேண்டிய லக்னப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா நின்றார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. "சகுனமே சரியில்லையே" என்றார் மாப்பிள்ளையின் பெரியம்மா. அக்காவின் கண் நிறைந்துவிட்டது. எனக்கு அங்கேயே பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

அப்போது மாப்பிள்ளை மெதுவாகக் குனிந்து கேட்டார். "மச்சான், உங்க வேட்டிக்குள்ள என்னமோ சிவப்பா எரியுதே?"

வேட்டியைத் தூக்கிப் பார்த்தேன். தாளம் போட்ட கால் பெடலின் மேலேயே இருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும், பேட்டரியில் ஓடும் அதன் சிவப்பு விளக்கு மாறி மாறி எரிந்து அணைந்திருக்கிறது; ஒலியும் கூடவே கிழிந்து தெளிந்திருக்கிறது. அந்தத் தடித்த ஷூவில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. முதலில் சிரித்தவள் அக்காதான். பிறகு பெரியம்மாவுக்கும் சகுனம் சரியாகிவிட்டது.

இப்போது அக்கா வீட்டில் மோட்டார் இரைந்தாலும் மிக்ஸி நின்றாலும், மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் அத்தான் எனக்குத்தான் போன் போடுகிறார்.

"மச்சான், இப்ப உன் கால் எங்க இருக்கு?"