எஸ்தரை நர்சரியில் சேர்ப்பது குறித்து

கேளம்பாக்கம்,
வியாழக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான ஜெபா அக்காவுக்கு, தங்கை பிரிசில்லா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் ஸ்டான்லியும் நலம். நீயும் ஜெபசிங் மாமாவும், உங்களிடம் விட்டிருக்கும் என் மகள் எஸ்தரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போனில் என் குரலைக் கேட்டால் குழந்தை ஏங்கிப்போகிறாள், கூப்பிடாதே என்று நீ சொல்லிவிட்டதால் கடிதமாக எழுதுகிறேன். வருகிற ஜூனில் அவளைத் திருவிடந்தையிலேயே நர்சரியில் சேர்த்துவிடட்டுமா என்று நீ கேட்டு ரொம்ப நாள் ஆகிறது. தாமதத்துக்கு மன்னிக்கவும். படித்தவள் என்கிற முறையில் நன்றாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன்.

முடிவுக்கு முன்னால் காரணங்களைச் சொல்லவேண்டும். செங்கல்பட்டில் நான் சேர்ந்திருக்கிற எம்.எஸ்ஸியில் உளவியலும் கவுன்சலிங்கும் ஒன்றாக இருக்கின்றன. காலையில் உளவியல் சார் வந்து, மனுஷனைத் தள்ளி நின்று கவனி, அளந்து பார், தலையிடாதே என்பார். மத்தியானம் கவுன்சலிங் மேடம் வந்து, அளக்காதே, கிட்ட உட்கார், காது கொடு, அறிவுரை மட்டும் சொல்லாதே என்பார். இரண்டு பேரும் ஒரே கேன்டீனில்தான் டீ குடிக்கிறார்கள், பேசிக்கொள்வதில்லை போலிருக்கிறது. நடுவுல மாட்டிக்கினது நான். வூட்டுக்கு வந்து மேடம் பாடத்தை ஸ்டான்லிகிட்ட பழகிப் பார்த்தேன். விடிகாலைல கம்பெனி கார் எடுத்துகினு போனவர் திரும்பி வந்து, "சோறு ஆவலையா?"ன்னார். "சோறு ஆகாதது உங்களுக்கு ஏமாற்றமா இருக்குன்னு புரியுது"ன்னேன். "ஏமாற்றம்லாம் இல்ல, பசிதான் கீது"ன்னார். "அந்தப் பசியைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லுங்க"ன்னேன். எழுந்து போய்ப் பரோட்டா வாங்கிகினு வந்துட்டார், எனக்கும் சேர்த்து.

போன மாசம் வகுப்புல ஜோடி ஜோடியா உட்கார வெச்சாங்க. ஒருத்தர் கவுன்சிலர், இன்னொருத்தர் பிரச்சினையோட வந்தவர். எனக்கு ஜோடி தீனதயாளன் அண்ணன். திருக்கழுக்குன்றம் பக்கம் வேன் விடறவர், பொண்ணைக் கட்டிக் குடுத்துட்டு இப்பதான் படிக்க வந்திருக்கார். ஒரு பிரச்சினைய கற்பனை பண்ணிச் சொல்லுங்கன்னாங்க. "எங்க பக்கத்து பிளாட்டு அம்மா, கொழந்தைய அக்காகிட்ட விட்டுட்டுப் படிக்கப் போறாங்க"ன்னு ஆரம்பிச்சேன். சொல்லிக்கினே வந்தேனா, மூக்கு ஒழுவ ஆரம்பிச்சிடுச்சி. நான் சொல்றதையே அண்ணன் திருப்பிச் சொல்லணும், அதான் பாடம். "அந்தம்மாவுக்குக் கஷ்டமா கீதுன்றீங்க"ன்னார். ஆமாண்ணான்னேன். "ரொம்பக் கஷ்டமா கீதுன்றீங்க"ன்னார். ஆமாண்ணான்னேன். அதுக்கு மேல அவரால முடியல. "அட போம்மா, போய்க் கொழந்தையத் தூக்கிகினு வாம்மா, இன்னா பெரிய படிப்பு!"ன்னு கத்திட்டார். மேடம் அவருக்கு மார்க்கைக் கொறைச்சிட்டாங்க. எனக்கு நல்ல மார்க். நடிப்பு இயல்பா இருந்துச்சாம்.

போன ஞாயித்துக்கிழமை வந்தப்போ நான் முகம் குடுத்தே பேசலன்னு உனக்குக் கோவம். விஷயம் இதுதான். ஒரு கொழந்தை வெளையாடறதைத் தள்ளி இருந்து பார்த்து எழுதணும், பேசக்கூடாது, தொடக்கூடாதுன்னு சார் வேலை குடுத்திருந்தார். வேற கொழந்தைக்கு நான் எங்க போறது? பெத்தது ஒண்ணு இருக்கேன்னு கெளம்பி வந்தேன். கடற்கரைல வலை காயப்போட்ட எடத்துல உட்கார்ந்து எழுதறேன், அவ எங்கிட்ட வந்து மடில மணலைக் கொட்டிட்டு என் மூஞ்சியையே பார்த்தா. நான் சிரிக்கல. தலையிடக்கூடாதே! "குழந்தை பெரியவர் ஒருவரை அணுகுகிறது"ன்னு எழுதினேன். பெரியவர் ஒருவர்! மறுபடி வந்தா, மறுபடி எழுதினேன். அப்புறம் கயிறு தடுக்கி விழுந்தா. எல்லாத்தையும் போட்டுட்டுக் கையை நீட்டினேன். அவ என்னைத் தாண்டி ஓடிப்போய் உன் காலைக் கட்டிக்கினா. நீ "ஒண்ணுமில்லடி தங்கம்"னு முட்டிய ஊதி வுட்டே. அதையும் எழுதித்தான் குடுத்தேன் அக்கா. அந்தப் பாடத்துலயும் நான்தான் முதல்.

இங்கேர்ந்து ஷேர் ஆட்டோ ஏறினா கோவளம், அங்கேர்ந்து பஸ்ல ஏறி உட்கார்றதுக்குள்ள திருவிடந்தை. இந்தத் தூரத்துக்கு ஏங்கறேன்னா துபாய்ல இருக்கிறவங்க சிரிப்பாங்க. ஆனா மத்தியான வகுப்புல, இப்ப அவளுக்குத் தூக்கம் வரும், புறங்கையால கண்ணைக் கசக்குவான்னு நெனைச்சேன்னா, அப்புறம் மேடம் பேசறது எதுவும் காதுல வுழல. அவ வுட்டுட்டுப் போன கவுனை இன்னும் தொவைக்கல. ஸ்டான்லி பக்கெட்டுல போடப் போனார், புடுங்கிட்டேன். "நாறுதுடி"ன்னார். "நாறட்டும்"னேன்.

ஆகவே அக்கா, உணர்ச்சிவசப்படாமல் யோசித்ததில், இந்த வயதில் குழந்தையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றி மாற்றி அலைக்கழிப்பது நல்லதல்ல என்று தெரிகிறது. பிள்ளைச் சத்தமே இல்லாதிருந்த உன் வீட்டில் அவள் சந்தோஷமாக இருக்கிறாள். நீ தாராளமாக நர்சரியில் சேர்த்துவிடு. எனக்கு மனப்பூர்வமான சம்மதம். படிப்பை முடித்துவிட்டு வந்து கூட்டிக்கொள்கிறேன். மாமாவுக்கு என் ஸ்தோத்திரம். எஸ்தருக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

அன்புத் தங்கை,
பிரிசில்லா

பி.கு.: நர்சரில சேக்காத. இதைத் தபால்ல போட்டா எப்ப வந்து சேருமோ, நானே எடுத்துகினு நாளைக்கு சாயந்திரம் வரேன். படிப்பை வுடல. ஸ்டான்லி ராத்திரி டூட்டிக்கு மாத்திக் கேட்டிருக்கார், பகல்ல அவர் தூங்கி வழிஞ்சிகினே பாத்துக்குவார். நீ அழாத. நீ அழுதா நான் அவளை அங்கியே வுட்டுட்டு வந்துடுவேன். எங்கூட வரமாட்டேன்னு அவ அடம் புடிப்பா, தெரியும். புடிக்கட்டும், அவளை எங்கிட்ட இழுத்துக் குடுக்காத. அவளா வர்ற வரைக்கும் நான் அங்கியே உட்கார்ந்திருக்கேன். ராத்திரிக்கு எனக்கும் சேர்த்து ஒலை வை. மறுநாளைக்கும் வை.