ஆளில்லாத நாகமலை

மதுரைப் பக்கம் யார் வீட்டுக் கல்யாண ஆல்பத்தையாவது புரட்டும்போது, மாப்பிள்ளையும் பெண்ணும் ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருக்க, நடுவில் ஒரு மலை ஜம்மென்று உட்கார்ந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், அது தள்ளுங்கண்ணே எடுத்த படம். மனிதர்களைப் படம் எடுத்துப் பிழைத்துக்கொண்டு, மனிதர்கள் படத்தில் வருவதையே விரும்பாத ஒரே போட்டோகிராபர் உலகத்தில் அவராகத்தான் இருப்பார்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது ஆதார் அட்டையில் பத்திரமாக இருக்கிறது. ஊருக்கு அவர் தள்ளுங்கண்ணேதான். மற்ற போட்டோகிராபர்கள் "சிரிங்க" என்பார்கள், "நெருங்கி நில்லுங்க" என்பார்கள். இவர் கேமராவைக் கண்ணில் வைத்ததுமே, "அண்ணே, கொஞ்சம் தள்ளுங்கண்ணே. இன்னுங் கொஞ்சம். இன்னும்..." என்று ஆரம்பிப்பார். அப்படித் தள்ளித் தள்ளி ஒரு மாப்பிள்ளை மேடையை விட்டே இறங்கிவிட்டார். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த பனைமரத்தை மாப்பிள்ளையின் தலை மறைத்ததாம்.

சிம்மக்கல் பக்கம் மாடியில் அவருக்கு ஒரு ஸ்டுடியோ. அவர் ஸ்டில், நான் வீடியோ. முகூர்த்த நாள் வந்தால் அவர் பைக்கை ஓட்ட, நான் பின்னால் கேமராப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வழியில் நல்ல மேகம் தெரிந்தால் அவர் ரோட்டைப் பார்க்க மாட்டார். ஏழு வருஷம் அந்த வண்டியில் போய் வந்தவன் இன்று உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பதே பெரிய விஷயம்.

மேலூரில் ஒரு கல்யாணம் முடித்தோம். ஆல்பம் வாங்க வந்த பெண்ணின் அப்பா முதல் பக்கத்தைத் திறந்தார். பாதி வெட்டியெடுத்த கல் குவாரி. அடியில் பச்சைத் தண்ணீர், மேலே ஒற்றை மேகம்.

"என்ன தம்பி இது?"

"உங்க ஊருதாண்ணே."

"எங்க ஊரு எனக்குத் தெரியாதா? எம் மக எங்க?"

"ரெண்டாம் பக்கத்துல வாராக."

இரண்டாம் பக்கத்திலும் அதே குவாரி. மகள் வலது மூலையில் கடுகு அளவுக்குச் சிவப்பாக இருந்தாள். "அந்தப் பச்சைத் தண்ணிக்கு இந்தச் சேலை எம்புட்டு எடுப்பா இருக்கு பாத்தீகளா?" என்று இவர் பெருமைப்பட்டார். அந்த ஆல்பத்தாலேயே அவர் இவரை அடிக்காமல் விட்டதற்குக் காரணம், ஆல்பம் நல்ல கனம், அவருக்கு முதுகுவலி. அவ்வளவுதான்.

இந்த மனிதருக்கு வாழ்க்கையில் இருந்த ஆசை ஒன்றே ஒன்று. டீக்கடையில் நின்றால்கூட அதைத்தான் சொல்வார்.

"நாகமலை முழுசா வரணும் மாப்ள. பாம்பு கணக்கா, தலையிலருந்து வால் வரைக்கும். முன்னால கண்மாய்ல தண்ணி ததும்பணும். மலையும் மேகமும் அதுல தலைகீழாத் தெரியணும். ஒத்த ஆளு இருக்கக் கூடாது. ஆடு மாடுகூடக் கூடாது. அந்த ஒரு படம் எடுத்துட்டேன்னா போதும், ஆயுசு பூரா பாஸ்போர்ட் சைஸ் எடுத்துக்கிட்டுக் கெடப்பேன்."

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் தொழிலின் காலண்டர் அவருக்கு எதிரி. ஆடியில் கல்யாணம் கிடையாது, கை சும்மா இருக்கும். கண்மாய் வறண்டு கிடக்கும், பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடுவார்கள். மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. பனியில் மலையே கண்ணுக்குத் தெரியாது. கண்மாய் நிறைவது ஐப்பசி, கார்த்திகையில். அப்போதுதான் ஊரில் உள்ள அத்தனை பேரும் கல்யாணம் செய்துகொள்வார்கள். "தண்ணி இருக்கப்ப நேரமில்ல, நேரம் இருக்கப்ப தண்ணியில்ல" என்று அவர் புலம்பாத நாள் கிடையாது.

தப்பித் தவறி இரண்டும் சேர்ந்து அமைந்தால் ஆட்கள் வந்துவிடுவார்கள். ஒருமுறை உசிலம்பட்டி ரோட்டோரம் முக்காலியை விரித்து, அதன்மேல் கேமராவை வைத்து, ஒற்றைக் கண்ணை மூடி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரத்தில் ஒரு கூட்டமே கூடிவிட்டது.

"சார், நாலு வழிச் சாலை அளக்குறீகளா?"

"இல்லைங்க, மலையப் படம் எடுக்குறேன்."

"மலையும் போகுதா?"

நிலத்தைக் காப்பாற்றச் சொல்லி ஒரு பெரியவர் பட்டா நகலோடு வந்துவிட்டார். ஒரு அம்மாள், "எங்க கெணத்த விட்டு அந்தாண்ட போடுங்க சாமி" என்று அழாத குறை. கடைசியில், சாலை அந்தப் பக்கம் வராது என்று எல்லோருக்கும் தள்ளுங்கண்ணே வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குள் வெளிச்சம் போயிருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கம்ப்யூட்டரில் படத்திலிருந்து ஆளை அழிப்பதில் மதுரையிலேயே அவரை மிஞ்ச ஆள் இல்லை. குடும்பத்தில் சண்டை வந்தால் பழைய ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு நேரே ஸ்டுடியோவுக்குத்தான் வருவார்கள். "இந்தச் சித்தப்பாவ எடுத்து விட்ருங்க தம்பி." எடுத்துவிடுவார். சித்தப்பா நின்ற இடத்தில் அழகாக ஒரு குத்துவிளக்கு வந்துவிடும். அடுத்த வருஷம் சமாதானமாகி அதே குடும்பம் வந்து நிற்கும். "சித்தப்பாவத் திருப்பி வச்சிருங்க." அதையும் செய்வார்.

"அப்பறம் என்னண்ணே? மலைய எடுங்க, குறுக்க வாரவன அழிச்சு விடுங்க" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருப்பவரிடம் புரோட்டா நீட்டியதுபோல் முறைத்தார். "அது சோத்துக்குச் செய்யிற வேலை. மலைப் படத்துல கம்ப்யூட்டர் கை படக் கூடாது."

அந்த விரதத்துக்குச் சோதனை ஒரு கார்த்திகை முகூர்த்தத்தில் வந்தது. மலையடி ஊரான நாகமலை புதுக்கோட்டை தாண்டி ஒரு மண்டபம். இரவெல்லாம் மழை பெய்து காலையில் வெளுத்திருந்தது. மண்டபத்துக்குப் பின்னால் கண்மாய், அதற்குப் பின்னால் மலை. பைக்கை நிறுத்தும்போதே அவர் முகம் சரியில்லை என்று கவனித்தேன்.

மேடையில் எல்லாம் தயார். எங்கள் பக்கம் ஐயர் தலையாட்டினால் மட்டும் தாலி ஏறாது, போட்டோக்காரரும் தலையாட்ட வேண்டும். ஐயர் ஆட்டிவிட்டார். கெட்டிமேளம் முழங்கிவிட்டது. மாப்பிள்ளை தாலியைப் பெண்ணின் கழுத்தருகே கொண்டுபோய், சிரித்த முகத்தோடு கேமராவைத் தேடினார். லைட் ஸ்டாண்டில் தள்ளுங்கண்ணேயின் துண்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"போட்டோக்காரன் எங்கய்யா?" என்று பெண்ணின் தாய்மாமன் கத்தினார். மாப்பிள்ளையின் கை தாலியோடு அந்தரத்திலேயே நின்றது. நாதஸ்வரக்காரருக்கு மூச்சு முட்டிக் கண் பிதுங்கியது. முடிச்சுப் போடத் தயாராக நின்ற நாத்தனார், "படம் இல்லாமக் கட்டக் கூடாது, ஆமா" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முகூர்த்தம் முடியப் பத்து நிமிஷம். தாய்மாமன் என் பக்கம் திரும்பினார். வீடியோ கேமராவை நாற்காலியில் வைத்துவிட்டுப் பின்வாசல் வழியே ஓடினேன்.

கண்மாய் கண்ணாடியாகக் கிடந்தது. மலை, தலையிலிருந்து வால் வரைக்கும், தண்ணீரில் இன்னொரு முறை கிடந்தது. மேகம் அவர் கேட்ட மாதிரியே நின்றது. ஒரு ஆள் இல்லை, ஒரு ஆடு இல்லை. கரை வளைந்து திரும்பும் கோடியில் அவர் கேமராமேல் குனிந்திருந்தார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையை ஆட்டியபடி கரைமேல் ஓடினேன்.

"அண்ணே! தாலிண்ணே! வாங்கண்ணே!"

அவர் நிமிர்ந்து இரண்டு கையையும் வீசினார். "தள்ளுடா! டேய், தள்ளுடா!"

நான் தள்ளவில்லை. எனக்குத் தாய்மாமன்தான் கண்ணில் நின்றார். சரியாக அந்நேரம் காற்று எழும்பித் தண்ணீர் கலங்கியது, தலைகீழ் மலை காணாமல் போயிற்று. அவருடைய பதினைந்து வருஷத் தொழிலில் ஒருமுறை வந்த காலை. அதன் நடுவே வேட்டியோடு நான்.

கேமராவைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து ஓடினார். மேடையேறி, அடிக்க வந்த தாய்மாமனிடம் "கொஞ்சம் தள்ளுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, தலையாட்டினார். தாலி ஏறியது. மாப்பிள்ளை முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை.

ஒன்றரை மாதம் அவர் என்னோடு பேசவில்லை. பைக்கில் நான் பின்னால் உட்கார்ந்திருக்கும்போதே, டீக்கடைக்காரரிடம் "வீடியோக்காரருக்கு டீ வேணுமான்னு கேளுங்க" என்பார். மன்னிப்புக் கேட்டேன், காதில் வாங்கவில்லை. தை மாதம் தானாகவே பேச ஆரம்பித்தார். அந்தப் படத்தைப் பற்றி மட்டும் அவரும் பேசவில்லை, எனக்கும் கேட்கத் தைரியமில்லை. பிறகு எனக்குச் சென்னையில் பத்திரிகை வேலை கிடைத்துப் போய்விட்டேன்.

போன மாதம் மதுரை போனபோது ஸ்டுடியோ மாடி ஏறினேன். அவருக்குத் தலை நரைத்திருந்தது. ஒரு குடும்பத்தை உட்காரவைத்து, "தள்ளுங்கண்ணே" என்று சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டிருந்தார். அந்தச் சுவரில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, நாகமலை. முழுசாக. கீழே தண்ணீரில் இன்னொரு நாகமலை. கரைமேல் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, வாயைப் பிளந்து, கையைத் தூக்கியபடி ஒரு கோமாளி ஓடிக்கொண்டிருந்தான்.

அந்தக் குடும்பம் போகும்வரை காத்திருந்து கேட்டேன். "காத்து வாரதுக்கு முந்தியே எடுத்துட்டீகளாண்ணே? அப்ப என்னைய அழிச்சிருக்கலாமே. உங்களுக்கு ரெண்டு நிமிச வேலை."

கேமராவைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"விரதத்த முறிச்சு அழிச்சும் பாத்தேன் மாப்ள. மலை சின்னதாப் போச்சு. திருப்பி வச்சுட்டேன்."

அதற்கு மேல் என் முகத்தை அவர் பார்த்துவிடக் கூடாது. அவர் சொல்லாமலே கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன்.