தாத்தாவின் பத்திரம் கேட்பவர்

எதிரே நிற்பவர் இந்த நாட்டவர்தான் என்பதை, அவருடைய தாத்தாவையே எழுப்பிக்கொண்டு வந்து நிறுத்தினாலும் நம்பாத ஓர் இனம் நம்மிடையே உண்டு. அதன் அசல் மாதிரியைப் பார்க்க வேண்டுமா? கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு எதிரே, புடைவைக் கடை மாடியில் ஏறுங்கள். வசதியில்லாத பல்கலைக்கழக மாணவருக்கு உதவும் நிதியமொன்றின் செயலாளராக ராஜலிங்கம் கதிரை நிறைய உட்கார்ந்திருப்பார்.

விண்ணப்பத்தை வாங்கியதும் கண்ணாடியைத் துடைப்பார். துடைத்ததை நெற்றியில் ஏற்றிக்கொள்வார். சீல் மங்கலாக இருந்தால் செல்லாது என்பார், பளிச்சென்று இருந்தால் நேற்று அடித்ததா என்பார், இரண்டிலும் குறை கிடைக்காவிட்டால்தான் உண்மையில் மனம் நொந்துபோவார். இப்படி அவர் காப்பாற்றுவது எதை? நாட்டையாம்!

விண்ணப்பிக்கக் கடைசி நாள். மூன்றரை மணிக்கு நாவலப்பிட்டித் தோட்டமொன்றிலிருந்து கஜனி வந்தாள். இந்த உதவி இல்லையென்றால், பேராதனையில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டுக் கடையில் வேலைக்கு நிற்க வேண்டியதுதான்.

ராஜலிங்கம் பிறப்புப் பத்திரத்தில் விரலை வைத்தார். "இந்தியத் தமிழர்னு இருக்கே. இது இலங்கைப் பிரஜைகளுக்கு மட்டும்தாம்மா."

"அது இனம்ங்க ஐயா. பிரஜை இல்லாட்டி அடையாள அட்டை குடுப்பாங்களா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. தாத்தாவோட பிரஜாவுரிமைப் பத்திரம் கொண்டு வா."

"அது எங்க லயத்து வீடு எரிஞ்சப்பவே போயிருச்சுங்க."

சொல்லும்போதே அவள் கண் மேசையில் இருந்த விண்ணப்பக் கட்டின்மேல் விழுந்தது. அங்கீகரிக்கப்பட்டவை. மேலே இருந்தது தினேஸ் ராஜலிங்கத்தின் விண்ணப்பம்; தினேஸ் செயலாளரின் சொந்த மகன். இனம்: இந்தியத் தமிழர்.

"ஐயா, இதுலயும் அதேதானே இருக்கு?"

ராஜலிங்கம் தேநீர்க் கோப்பையை எடுத்து அந்த வரியின்மேல் வைத்தார். உள்ளுக்குள் கொஞ்சம் குறுகுறுத்தது. ஒரு வாய் தேநீரோடு அதுவும் இறங்கிவிட்டது.

"அது வேற."

எப்படி வேறு என்று கேட்க அவள் வாய் திறப்பதற்குள் நான்கு மணி ஆனது. அவர் அவளை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டினார். அவள் விண்ணப்பத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். வெட்கம் கெட்ட மனிதர்!

திட்டிவிட்டீர்களா? நல்லது. நாளைக்கு உங்கள் மேசைக்கு முன்னால் ஒருத்தி கடதாசியோடு வந்து நிற்கும்போது வாயைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். ராஜலிங்கமும் இதைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறார். இப்படியும் ஆட்கள் இருக்கிறார்களே என்று, உங்களைப் போலவே தலையில் அடித்துக்கொள்கிறார்.