உன் முழங்காலும் என் கடலும்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான், என் வீட்டுக்காரர், மீன் இரண்டு, நத்தை நான்கு, பவளம் மூன்று, எல்லோரும் சுகம். அங்கே உன் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, முகம்கூடக் கழுவாமல், ஹாலில் தொட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு சொட்டுத் தண்ணீரை உப்பு அளக்கும் கருவியில் விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். முப்பத்தைந்து. கடலில் எவ்வளவோ அவ்வளவு. இதை உன்னிடம் போனில் சொல்லியிருப்பேன். ஆனால் நீ என்னைப் பேசவிடுவதில்லை. போன வாரம், "ஒரு மீனுக்காக வரமாட்டியாடி?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். ஒரு மீன் இல்லை அக்கா, இரண்டு. அதற்குத்தான் கடிதம் எழுதுகிறேன். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு பத்து நாள் கூட வந்து இருக்கச் சொன்னாய். எனக்கு நினைவு தெரிந்து நீ யாரிடமும் எதுவும் கேட்டதில்லை, நான் தொலைத்த உன் வளையலைக்கூட. தனியாக இருப்பவள் வாய்விட்டுக் கேட்டு, நான் முடியாது என்று சொன்னால், காரணத்தை முழுசாகச் சொல்ல வேண்டாமா?

சாப்பாட்டு மேசை இருந்த இடத்தில் இப்போது மூன்றடிக் கண்ணாடித் தொட்டி இருக்கிறது. நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். கல், மணல், உப்புத் தண்ணீர் எல்லாம் போட்டு, நல்ல கிருமிகள் உண்டாகும்வரை ஆறு வாரம் மீன் விடக்கூடாது. ஆறு வாரமும் விளக்கைப் போட்டுக்கொண்டு வெறும் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர்களெல்லாம் மீன் எங்கே என்று கேட்க, அவர் அலட்டிக்கொள்ளாமல், "மீனெல்லாம் இல்லீங்க, கல்லுதான் வளக்கறா. நல்லா வளருது" என்பார். அப்புறம் ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கோமாளி மீன் இரண்டு வந்தன. இந்த இனத்தில் எல்லாம் ஆணாகத்தான் பிறக்கும், இருப்பதில் பெரியது பெண்ணாக மாறி மற்றதை மிரட்டி வைத்திருக்கும் என்று அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் சின்னதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது" என்றார்.

நான் படித்த வேதியியலால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பாயே, இப்போது கேள். வாரம் ஒருநாள் தொட்டித் தண்ணீரைச் சின்னக் குழாயில் பிடித்து, சொட்டு சொட்டாக மருந்து விட்டு, நீலம் மஞ்சளாகும்வரை எண்ணுகிறேன். கட்டைவிரல் அளவில் ஒட்டிய பச்சைப் பவளம் எட்டு மாதத்தில் கைப்பிடி அளவுக்கு வந்துவிட்டது. நான் அளந்து வைக்கும் தண்ணீரிலிருந்து ஒரு உயிர் தனக்கு எலும்பு கட்டிக்கொள்கிறது அக்கா. இருபது வருஷமாக ஆபீசில் செய்த எந்த வேலையையும் நான் இப்படி நின்று பார்த்ததில்லை.

அப்படி இருக்கும்போதுதான் உப்பு ஏற ஆரம்பித்தது. முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு. பவளம் கையை மூடிக்கொண்டது மாதிரி சுருங்கிவிட்டது. உப்பை மாற்றினேன். கருவியைச் சந்தேகப்பட்டு இன்னொன்று வாங்கினேன். மீன் கடைக்காரர், "மேடம், தண்ணி ஆவியாயிட்டா நல்ல தண்ணிதானே ஊத்தறீங்க?" என்று கேட்டதற்கு, "நான் வேதியியல் படிச்சவங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். காலையில் நான் ஊற்ற வேண்டிய தண்ணீர் பாதியாகக் குறைந்திருந்ததைப் பார்த்து, மூடியை எவ்வளவு கச்சிதமாகப் பொருத்தியிருக்கிறேன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். பிறகு ஒருநாள் தலைவலி என்று நாலு மணிக்கே வீட்டுக்கு வந்தால், இவர் கையில் சொம்போடு தொட்டி ஓரம் நிற்கிறார்.

"என்னங்க பண்றீங்க?"

"தண்ணி கொறஞ்சிருந்துச்சு. நீ களைச்சுப்போய் வருவியேன்னு தெனமும் நானே ஊத்திடறேன்."

"எந்தத் தண்ணி?"

"வாரா வாரம் மாத்தறதுக்கு உப்பு கலக்கி வச்சிருக்கியே, அதான். கடல்ல கடல் தண்ணிதானே ஊத்தணும்?"

"ஆவியாகறது தண்ணி மட்டும்தாங்க. உப்பு அங்கயேதான் இருக்கும்."

அவர் சொம்பைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். "அப்ப ரெண்டு மாசமா நான்…"

"உயிரோட கருவாடு போட்டுட்டிருக்கீங்க."

திட்டவும் முடியவில்லை. அன்பாகச் செய்த காரியத்துக்கு யாரைத் திட்டுவது? உப்பைச் சட்டென்று குறைத்தால் அதுவே எமன் என்பதால், இரண்டு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். வாளிகளில் "நல்ல தண்ணீர்", "உப்புத் தண்ணீர்" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். இன்று காலை பவளம் முழுசாக விரிந்திருக்கிறது. இப்போது நீயே சொல், இப்படிப்பட்ட மனுஷனை நம்பி இந்தக் கடலைப் பத்து நாள் விட்டுவிட்டு எப்படி வருவது? அதனால்தான் என்னால் வர முடியாது. ஆளாவது ஏற்பாடு செய்துகொள். கோபித்துக்கொள்ளாதே.

உன் முழங்கால் சீக்கிரம் மடங்கி நிமிரவும், டாக்டர் சொல்வதை ஒருதடவையாவது நீ கேட்கவும் வேண்டிக்கொள்கிறேன். அவர் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். மீன்கள் எதுவும் சொல்லவில்லை.

உன் தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது எதிர்வீட்டம்மா தொட்டியைப் பார்க்க வந்தார். நான் சமையலறையில் இருந்தேன். ஹாலில் இவர் பேசுவது கேட்டது: "ஆவியாகறது தண்ணி மட்டும்தாங்க. உப்பு அங்கயேதான் இருக்கும். நெறைய பேரு இதுலதான் தப்பு பண்ணிடறாங்க." அந்தம்மா போனபிறகு, அளவு எழுதும் நோட்டைக் கடைசிவரை புரட்டிப் பார்த்தேன். நான் திருப்பாத கடைசிப் பக்கங்களில், இரண்டு வாரமாக, இவர் கையெழுத்தில் மாலை அளவு இருக்கிறது. ஒரு இடத்தில், "38, கண்ணாடி போடாமல் பார்த்தது. போட்டபின் 36." நேற்று, "35. ஊற்றியது நல்ல தண்ணீர். வாளியை இரண்டுதடவை படித்தேன்." நான் இல்லாமலும் இந்தத் தொட்டி நடக்கும் என்பது முதலில் கொஞ்சம் சுருக்கென்றது. அப்புறம், அவரைப் பழக்கி எடுத்ததும் நான்தானே என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்றாய். வியாழக்கிழமைக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வர ஒரு வாரமாகும். நீ எழுந்து நடக்கக் கூடாது என்பதால், தபால்காரரிடம் இதை வாங்கப் போவது அநேகமாக நான்தான்.