பெட்டியை நகர்த்தப் போய் வாய் திறந்த விவரம்

துர்கு,
மார்ச், செவ்வாய்.

அன்பும் மரியாதையும் மிகுந்த கலெர்வோ மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கை புருஷன் டவுனோ எழுதிக்கொண்டது. குவோப்பியோவில் தாங்களும், தங்கள் முழங்காலும், தங்களிடம் வந்து தங்கியிருக்கும் தங்கை இர்மெலியும் சௌக்கியமா? இங்கே நானும் பனியும் சௌக்கியம். அவள் இல்லாமல் எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன். அவள் அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம். நானும் அங்கே வந்து நின்று யாரையும் சங்கடப்படுத்த மாட்டேன்.

அவள் ஏன் கிளம்பினாள் என்று சொல்லியிருப்பாள். "நான் இருந்தாலும் இல்லாட்டாலும் உங்களுக்கு ஒண்ணுதானே?" என்று கேட்டாள். யோசித்தேன் மச்சான், சத்தியமாக யோசித்தேன். பதில் தயாராகி வாயைத் திறந்தால் வீட்டில் ஆளைக் காணோம். நான் கப்பல் எஞ்சின் அறையில் காலம் தள்ளினவன். அங்கே கத்தினாலும் கேட்காது, தலையாட்டினால் போதும். வீட்டிலும் ஆட்டிக்கொண்டே இருந்துவிட்டேன்.

அது கிடக்கட்டும். எங்கள் குடியிருப்புக்குப் புதிதாக இணையப் பக்கம் செய்கிறார்கள். பொது சவுனாவில் நீராவிக் குளியல் போடும் முறை, வாசலில் பனி அள்ளும் முறை, அறிவிப்பு எல்லாம் தனித்தனிப் பெட்டி. மவுஸால் பிடித்து இழுத்து, வேண்டிய இடத்தில் விட்டுக்கொள்ளலாம். கிழடுகளுக்கு அது சரிப்படுமா என்று பார்க்க மிந்து என்றொரு பெண்ணை அனுப்பியிருந்தார்கள். காபியும் பன்னும் உண்டென்றார்கள், போனேன்.

"நாங்க உங்களைச் சோதிக்கல, பக்கத்தைத்தான் சோதிக்கிறோம். மனசுல என்ன ஓடுதோ அதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்க" என்றாள். லேசில் வாய் திறக்காத நம்ம ஊர்க்காரனிடம் கேட்கிற கேள்வியா மச்சான் இது? நான் பாட்டுக்குப் பெட்டிகளை நகர்த்தினேன்.

"என்ன நினைக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"இப்ப?"

"அதேதான்."

பாவம், பன்னை அவளே தின்றுவிட்டாள்.

அப்புறம்தான் வந்தது வினை. கம்பளித் தொப்பி போட்ட யாரோ ஒரு பெண் படகுத்துறையில் உட்கார்ந்திருக்கிற படம், அடியில் கிடந்தது. அதை மேலே கொண்டுபோய் சவுனாப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கணுமாம். இழுத்தால் வருகிறது, விட்டால் குதித்துப் பழைய இடத்துக்கே ஓடுகிறது. மறுபடி இழுத்தேன், மறுபடி ஓடினாள். இன்னொரு தரம் விட்டதும் வலது ஓரமாக நழுவி ஆளே மாயம். "ஏய், எங்க போற? இரு!" என்று கத்திவிட்டேன்.

மிந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கையை எடுத்ததும் என்ன ஆகும்னு எதிர்பார்த்தீங்க?"

"அங்கயே இருப்பான்னு நெனச்சேன்" என்றேன். அவ்வளவுதான், அப்புறம் வாய் மூடவே இல்லை. காலைல ரெண்டு கப் காபி போட்டு ஒண்ணைத் தொட்டியில ஊத்துறேன். சவுனாவுல அவ உக்கார்ற பலகையில நான் உக்கார்றதில்ல, தண்ணிய அள்ளிச் சுடுகல்லுல ஊத்தினா "போதும்ப்பா, வேகுது"ன்னு சொல்ல நாதியில்ல. ஒண்ணுதானான்னு கேட்டாளே, ஒண்ணில்ல, ஒண்ணே இல்ல! எனக்கு அவ வேணும்!

மிந்து எழுதுவதை நிறுத்திவிட்டாள். "நீங்க பெட்டியைப் பத்தித்தானே சொல்றீங்க?"

"பொண்டாட்டியைப் பத்தி."

"அவங்ககிட்ட இதைச் சொன்னீங்களா?"

"இல்ல."

"அப்ப என்கிட்ட ஏன் சொல்றீங்க?"

"நீதானேம்மா வாய்விட்டுச் சொல்லச் சொன்ன!"

இதுவரை வந்தவர்களில் இவ்வளவு பேசினவர் யாருமில்லையாம், அடுத்த சோதனைக்கும் வரவேண்டுமாம். இந்தக் கண்றாவியை இர்மெலியிடம் மூச்சு விட வேண்டாம். கோடை வரைக்கும் அவள் நிம்மதியாக அங்கேயே இருக்கட்டும்.

ஏரிப் பனி உருகித் தங்கள் தூண்டிலில் பெரிய மீனாக விழவும், முழங்கால் மடங்கவும் வேண்டிக்கொள்ளும்,

தங்கள் மைத்துனன்
டவுனோ

பி.கு.: உறையில் தபால்தலை எங்கே என்று தேடாதீர்கள். ரயிலேறி நானே கொண்டுவந்தேன். மணியடிக்கக் கை வரவில்லை, அதனால் உங்கள் கதவிலுள்ள தபால் துளை வழியாகப் போடுகிறேன், மாடிப்படியில்தான் நிற்கிறேன். குறையில்லை என்று மேலே எழுதினேனே, அது பச்சைப் பொய். நீங்கள் திறக்காதீர்கள் மச்சான், அவளைத் திறக்கச் சொல்லுங்கள். எதிர்வீட்டுக்காரர் குப்பைப் பையோடு கதவைத் திறந்தவர், என்னோடு பேச நேருமே என்று மூடிக்கொண்டு பின்னால் காத்திருக்கிறார், நான் நகர்ந்தால்தான் வெளியே வருவார். பாவம் மனுஷன், நான் நகரப்போவதில்லை.