திறந்தால் அலை சிந்திவிடும்

கடை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். எட்டு மணிக்கே வரிசை தெருமுனையைத் தாண்டிவிடும். நிற்பவர்கள் எல்லோர் இடுப்பிலும் ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி. காய்ச்சல் குழந்தையை டாக்டரிடம் தூக்கி வந்ததுபோல் அணைத்திருப்பார்கள். ஒருவர் துண்டால் போர்த்தியிருந்தார். இன்னொரு அம்மாள் பெட்டியின் தலையைத் தடவி, "இன்னும் கொஞ்ச நேரம்தான் கண்ணு" என்று சமாதானம் சொன்னார்.

கடை வாசலில் ஆளுயரப் பலகை: "பாகத்தை மாற்றாதீர்கள், அலையை மாற்றுங்கள்! எந்தக் கிழட்டு கம்ப்யூட்டரிலும் எந்த விளையாட்டும் பறக்கும்! ஒரே மணி நேரம்! ஒரே தகடு!"

அந்தத் தகட்டை ஒட்டுபவர்தான் தகடு மாஸ்டர். வெள்ளைக் கோட்டு, கையில் செப்பு வளையம், எப்போதும் பாதி மூடிய கண். முன்பு மேசை விசிறிக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். அந்தத் தொழிலில் ஒரு பெரிய தொல்லை: விசிறி சுற்றாவிட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆகவே, கண்ணுக்குத் தெரியாத சரக்குக்கு மாறிக்கொண்டார்.

அந்த வரிசையில் ஒரு நாள் காலை, ஊன்றுகோலோடு, பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, ஒரு லாரி டிரைவர் நின்றிருந்தார்.

பதினெட்டு வருடம் லாரி ஓட்டியவர். மூன்று மாதத்துக்கு முன் சரக்கு இறக்கும்போது கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. உள்ளே தகடு வைத்துத் தைத்துவிட்டு, "ஆறு மாசம் ஸ்டியரிங் பக்கமே போகக்கூடாது" என்றார் டாக்டர். வீட்டில் உட்கார்ந்தால் சுவர் பேசாது. மனைவி பிஸ்கட் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. காலையில் போனால் மாலையில்தான் வருவாள். ஏதோ ஒரு ஆபீஸைக் காலி செய்தபோது சல்லிசாகக் கிடைத்த கம்ப்யூட்டர் ஒன்று மூலையில் இருந்தது. அதில் லாரி ஓட்டும் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தார் கூட வேலை பார்த்த இன்னொரு டிரைவர். வாய் மூடாமல் பேசுவதால் அவருக்கு டிப்போவில் 'ஹாரன்' என்று பெயர்.

ஓய்வில் இருக்கும் நாலு டிரைவர்கள் மத்தியானம் இணையத்தில் சேர்ந்து, வரிசையாக நாலு லாரி கிளப்புவார்கள். காதில் மாட்டிய ஹெட்போனில் டிப்போ அரட்டை அப்படியே கேட்கும். அந்த இரண்டு மணி நேரம் அவருக்கு இடுப்பு வலி மறந்துபோகும்.

ஆனால் மூலையில் இருந்த அந்தக் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கியது. வளைவு வந்தால் படம் நின்றுவிடும். மறுபடி ஓடும்போது லாரி வயலுக்குள் கிடக்கும். "அண்ணே, வர்றீங்களா, தூங்கறீங்களா?" என்று ஹாரன் கேட்பார். மற்ற மூன்று லாரியும் முன்னே போய்விடும். நிஜ ரோட்டில் தன்னை யாரையும் முந்தவிடாத மனிதர், பொய் ரோட்டில் தனியாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

பக்கத்துத் தெரு கம்ப்யூட்டர் மெக்கானிக் பெண் உண்மையைச் சொல்லியிருந்தாள். "உள்ள தூசி தட்டணும். மெமரி ரெண்டு துண்டு இருக்கு, அது போதும். பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஒண்ணு வாங்கிப் போடுங்க. நல்லதா கிடைச்சதும் சொல்றேன், ஒரு மாசம் பொறுங்க."

ஒரு மாதம்! உண்மைக்கு இதுதான் கெட்ட பழக்கம், பொறுக்கச் சொல்லும். பொய் ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுக்கும். கார்டுக்கு என்று எடுத்து வைத்திருந்த பணத்தைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு டிரைவர் மாஸ்டரிடம் வந்துவிட்டார்.

மாஸ்டர் பெட்டியின் மேல் இரண்டு விரலை வைத்து நாடி பார்த்தார்.

"இதை வாங்கினது என்ன கிழமை?"

"ஞாபகம் இல்லீங்க. ஒரு ஆபீஸ்ல இருந்து வந்தது."

"ஆபீஸா!" சூடு பட்டதுபோல் கையை உதறினார். "அதானே பார்த்தேன். எத்தனை பேர் இது முன்னாடி உட்கார்ந்து முதலாளியைத் திட்டியிருப்பாங்க! அத்தனை வயித்தெரிச்சலும் உள்ள தங்கிடுச்சு. அப்புறம் எப்படி வண்டி ஓடும்?"

டிரைவருக்குப் பொட்டில் அடித்ததுபோல் இருந்தது. அவரும்தான் எத்தனை முதலாளியைத் திட்டியிருக்கிறார்!

பக்கத்தில் இருந்த கல்லூரிப் பேராசிரியர் தலையாட்டினார். "நானே பௌதிகம் சொல்லிக் குடுக்கறவன். எல்லாமே அலைதான் சார். மூணு மெஷினுக்குப் போட்டுட்டேன்." படித்தவர் சொன்னபிறகு சந்தேகப்படுவது மரியாதையா?

பெட்டி ஒரு துணித் திரைக்குப் பின்னால் போயிற்று. உள்ளேயிருந்து 'உஸ்ஸ்' என்று காற்றுச் சத்தம் கேட்டது. "கெட்ட அலை வெளிய போகுது" என்று வரிசையில் ஒருவர் கிசுகிசுத்தார். ஒரு மணி நேரம் கழித்துப் பெட்டி வந்தது. பக்கத்து மூடியும் உடம்பும் சேரும் இடத்தில், இரண்டையும் இழுத்துப் பிடித்தபடி, விரல் நீளச் செப்புத் தகடு பளபளத்தது.

"ஒண்ணே ஒண்ணு. தகட்டைப் பிரிச்சு மூடியைத் திறந்தா அலை சிந்திடும். அப்புறம் நான் பொறுப்பில்லை."

அன்று மத்தியானம் லாரி பறந்தது. வளைவில் நிற்கவில்லை, வயலில் விழவில்லை. முதல்முறையாக ஹாரனை முந்தினார். சந்தோஷத்தில் ஊன்றுகோலைத் தூக்கித் தட்டியதில் விளக்கின் குமிழ் உடைந்தது. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. மாலைக்குள் டிப்போ முழுவதற்கும் போன் போட்டுவிட்டார். ஒரே வாரத்தில் ஆறு டிரைவர்கள் அவர் பேச்சை நம்பித் தகடு ஒட்டிக்கொண்டார்கள். ஏழாவதாக ஹாரன் ஞாயிற்றுக்கிழமைக்கு முறை வாங்கியிருந்தார்.

சனிக்கிழமை தொழிற்சாலை லீவு. டிரைவரின் மனைவி தேநீரோடு வந்து அவர் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள்.

"ஏங்க, உங்க லாரியில சைடு கண்ணாடி ஏன் கறுப்பா இருக்கு?"

"எங்க?"

"ரெண்டு பக்கமும். முன்னாடியெல்லாம் அதுல பின்னால வர்ற வண்டி தெரியுமே. ரோட்டோரம் புல்லைக்கூடக் காணோம். மரமெல்லாம் அட்டையில வெட்டி வெச்ச மாதிரி இருக்கு."

டிரைவர் அப்போதுதான் பார்த்தார். பதினெட்டு வருடம் கண்ணாடி பார்க்காமல் பாதை மாறாதவர், ஒரு வாரமாகக் கண்ணாடியே இல்லாத லாரியை ஓட்டியிருக்கிறார். முகம் சுருங்கியது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "வேகமா போறப்ப அதெல்லாம் அப்படித்தான்."

அவள் விளையாட்டின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். படத்தின் தரம்: குறைவு. நிழல்: இல்லை. புல்: இல்லை. கண்ணாடி: இல்லை. "யாரோ எல்லாத்தையும் அணைச்சு வெச்சிருக்காங்க. சுமையை இறக்கினா வண்டி ஓடாம என்ன செய்யும்?"

"தகட்டுக்குச் சக்தி இல்லைங்கறியா?"

"தெரியலை. அதனாலதான் பார்க்கலாங்கறேன். முகத்தைத் திருப்பிக்குங்க. நான் தகட்டை ஒட்டுவேன், இல்லேன்னா எடுப்பேன். நீங்க ஓட்டிப் பார்த்துட்டு இருக்கா இல்லையான்னு சொல்லுங்க."

"பிரிச்சா சிந்திடும்!"

"சிந்தினா துடைச்சுக்கலாம்" என்று கத்தி முனையால் தகட்டைப் பெயர்த்தாள்.

டிரைவர் ஓட்டினார். "இருக்கு. இழுவை தெரியுது." மறுபடி ஓட்டினார். "இருக்கு, இப்ப இன்னும் நல்லா தெரியுது." மூன்றாம் முறை கொஞ்சம் யோசித்து, "இதுவும் இருக்கு" என்றார்.

அவள் தன் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினாள். தகடு அதற்குள் கிடந்தது. மூன்று முறையும் அங்கேதான் கிடந்தது.

"உங்க இடுப்புலயும் ஒரு தகடு இருக்கு. டாக்டர் வெச்சது. எக்ஸ்ரே எடுத்தா தெரியுது, எடுத்துட்டா நீங்க நிக்க மாட்டீங்க. இது எதுல தெரியுது? எடுத்தா என்ன குறையுது?"

அவள் மூடியைத் திறந்தாள். தூசி சுத்தமாகத் துடைத்திருந்தது. 'உஸ்ஸ்' என்று வெளியே போன கெட்ட அலை அதுதான். மெமரி செருகும் இடத்தில் இரண்டு பள்ளம். ஒன்றில் துண்டு இருந்தது. இன்னொன்று பல் விழுந்த ஈறுபோல் காலியாக இருந்தது.

"ரெண்டு இருக்குன்னு அந்த மெக்கானிக் பொண்ணு சொன்னாளே!"

"சொன்னா. ஆனா மாஸ்டர்தான் எடுத்தார்ங்கறதுக்கு நம்மகிட்ட என்ன அத்தாட்சி?"

டிரைவருக்குக் காணாமல் போன பாகம்கூட வலிக்கவில்லை. தான் போன் போட்டுக் கூப்பிட்ட ஆறு பேரின் முகம்தான் கண் முன் வந்தது. "என் பேச்சைக் கேட்டுத்தானே போனாங்க" என்றார். "நாளைக்கு ஹாரன் வேற போறான்."

"போகட்டும்" என்றாள் அவள். "போறதுக்கு முன்னாடி பெட்டியை இங்க கொண்டு வரச் சொல்லுங்க."

தொழிற்சாலையில் சந்தேகமான சரக்கு வந்தால் அவள் முதலில் செய்வது ஒன்றுதான்: அழியாத பேனாவால் அடையாளம் போடுவது. அன்று மாலை ஹாரன் கொண்டு வந்த கம்ப்யூட்டரைத் திறந்து, இரண்டு மெமரித் துண்டிலும் சிவப்பில் தேதியும் தன் கையெழுத்தும் போட்டாள். அவற்றைப் போனில் படம் எடுக்க ஹாரனிடம் சொன்னாள். வாய் மூடாத ஹாரன் அன்று வாயே திறக்காமல் படம் எடுத்தார்.

ஞாயிறு காலை மூவரும் போனார்கள். நாடி பார்த்தாயிற்று, திரை விலகியது, காற்று சீறியது. ஒரு மணி நேரத்தில் தகட்டோடு பெட்டி வந்தது.

"மாஸ்டர், இங்கேயே திறந்து பார்க்கலாமா?" என்றாள் அவள்.

மாஸ்டரின் பாதிக் கண் முழுதாகத் திறந்துகொண்டது. "என்னம்மா பேசறீங்க? அலை சிந்திடும்னு சொல்லியிருக்கேன்ல?"

"எங்க பெட்டி, எங்க அலை. சிந்தினா எங்களுக்குத்தானே நஷ்டம்?"

"நம்பிக்கை இல்லாதவங்க வெளிய போங்க!" என்று வரிசையில் ஒருவர் கத்தினார். "படிச்சவங்களே நம்பறாங்க, இந்தம்மா யாரு?" என்று இன்னொருவர். அன்றும் வந்திருந்த பேராசிரியர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

டிரைவர் ஊன்றுகோலை ஊன்றி நிமிர்ந்தார். "நானும் நம்பினவன்தான். ஆறு பேரை இங்க கூட்டிட்டு வந்தேன். நேத்து டிபன் பாக்ஸுக்குள்ள கிடந்த தகட்டை, பெட்டியில இருக்குன்னு மூணு தடவை அடிச்சுச் சொன்னேன். என்னை மாதிரி முட்டாளாகணும்னா அவளை வெளிய அனுப்புங்க. வேண்டாம்னா ஒரு நிமிஷம் பொறுங்க."

வரிசை பொறுத்தது. நம்பிக்கை கலைந்ததால் அல்ல. அடுத்தவன் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசையால்.

மூடி திறந்தது. உள்ளே ஒரே ஒரு சிவப்புக் கையெழுத்து. ஹாரன் போனில் இருந்த படத்தைத் தூக்கிப் பிடித்தார். அதில் இரண்டு.

"இன்னொண்ணு எங்க?" என்றார் ஹாரன்.

மாஸ்டர் அசரவில்லை. "கெட்ட அலை ரொம்ப அதிகம். பாகம் அதோட சேர்ந்து ஆவியாயிடுச்சு."

"சாத்தியம்தான்" என்றார் பேராசிரியர். "பொருள் ஆற்றலா மாறும். அது விஞ்ஞானம்."

"அப்படி மாறியிருந்தா இந்தத் தெருவே இருக்காதே சார்" என்று வரிசைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அவரிடம் படித்த மாணவியாம். தேர்வில் தேறியிருக்க வேண்டும்.

டிரைவர் அதற்குமேல் காத்திருக்கவில்லை. ஊன்றுகோலை நீட்டித் திரையை ஒரே இழுப்பில் இழுத்தார். கொக்கி தெறித்துத் திரை கீழே விழுந்தது.

உள்ளே மந்திரம் எதுவும் இல்லை. தூசி ஊதும் கருவி, ஸ்க்ரூ டிரைவர், கூரைக்கு அடிக்கும் செப்புத் தாள், அதை நறுக்கும் கத்திரி. அப்புறம் பிளாஸ்டிக் தட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு. எல்லாவற்றிலும் மெமரித் துண்டுகள், அளவு வாரியாக, துடைத்து அடுக்கி, பழைய சாமான் வியாபாரிக்குப் போகத் தயாராக. மேல் தட்டில், எல்லோருக்கும் தெரியும்படி, சிவப்பு மையில் ஒரு கையெழுத்து. ஆவியானது அங்கே நிம்மதியாகப் படுத்திருந்தது.

"அதெல்லாம் சுத்திகரிப்புக்கு வெச்சிருக்கேன்" என்றார் மாஸ்டர். சொல்லிக்கொண்டே கோட்டைக் கழற்றினார். கோட்டு இல்லாமல் பார்த்தால் அவர் வெறும் விசிறிக் கடைக்காரர்தான். பின்வாசலில் ஹாரன் நின்று, விட்டுப்போன ஒரு நாள் பேச்சையும் சேர்த்துப் பேச ஆரம்பித்தார். போலீஸ் வரும்வரை நிறுத்தவில்லை. மாஸ்டருக்கு அதுவே பாதித் தண்டனை.

தட்டுகளில் இருந்தவற்றை மெக்கானிக் பெண் வந்து, யார் பெட்டிக்கு எது பொருந்தும் என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தாள். டிரைவர் ஆறு பேரையும் தானே போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். ஒருவர் திட்டினார். ஐந்து பேர் தேநீர் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து நல்ல நிலையில் பழைய கார்டு ஒன்று கிடைத்தது. பொறுத்ததற்கு ஏற்ற மாதிரி ஓடுகிறது.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் கடைக்குப் பூட்டுப் போட்ட அன்று சாயங்காலம், பேராசிரியர் வாசலில் நின்று பூட்டிய கதவை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மட்டும் மூன்று துண்டு திரும்பக் கிடைத்திருந்தது. மூன்றையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வழியில் போன டிரைவரின் மனைவியிடம் கேட்டார்:

"ஆள் மோசம்தான், ஒத்துக்கறேன். ஆனா தகடு மேல என்ன தப்பும்மா? அதை ஃபிரிட்ஜுல ஒட்டினா கரண்ட் குறையும்னு ஒருத்தர் சொன்னார். ஒட்டலாமா?"

"ஒட்டுங்க சார்" என்றாள் அவள். "ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு மாசம், ஒட்டின பிறகு ஒரு மாசம், மீட்டரைப் பார்த்து எழுதி வைங்க. அப்புறம் சொல்லுங்க."

"அவ்வளவு தூரம் பார்க்கணுமா?" என்றார் பேராசிரியர், மனம் நொந்து.

பார்க்கத்தான் வேண்டும். மெமரியைத் திருடியவன் பெட்டிக்கு ஒரு துண்டைத்தான் எடுத்தான், ஐயா. மூளையை யாரும் திருடவில்லை. நீங்களாகவே கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, ரசீதுகூடக் கேட்காமல் வரிசையில் நிற்கிறீர்கள்.